சாவோ பாவுலோவில் ஏழு இரவுகள்

வீட்டுக் கணக்கு



இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் மின்சார பில், பிள்ளைகளின் டியூஷன் காசு, பெருநாள் உடுப்புச் செலவு பற்றியவையாகவே இருக்கும். இம்முறை பேருவளையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருப்பது வேறு மாதிரியானது. அவருடைய கணவர் மாணிக்கக்கல் வியாபாரி. கல் வாங்கும் விடயமாக பிரேசில் நாட்டுக்குப் போக இருக்கிறார். இம்முறை மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் கூட்டிப் போவதாக முடிவாகியிருக்கிறது. சாவோ பாவுலோ நகரில் ஏழு இரவுகள். அதில் இரண்டு இரவுகள் கணவர் கல் விளையும் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்துக்குப் போய்விடுவார். பிள்ளைகளோடு இவர் மட்டும் ஹோட்டலில் இருக்க வேண்டும். கையிலிருப்பது இரண்டு வருடம் கட்டிய சீட்டுக் காசு. "ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆகக் குறைந்த வாடகையில் ஒரு ஹோட்டல் இருக்கிறது, அதையே எடுப்போம் என்று மச்சான் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது ராத்தா?" என்று கேட்டிருக்கிறார்.

மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது, தங்கச்சி. ஹோட்டலின் விலை என்பது அறைக் கதவில் தொங்கும் விலை அல்ல. அந்த அறையில் இருந்துகொண்டு சாப்பிட, தொழ, வெளியே போய்வர, இருட்டிய பின் பத்திரமாகத் திரும்ப எவ்வளவு முடிகிறதோ அதுதான் விலை. இந்தக் கணக்கைப் போட்டால் ஆகக் குறைந்த வாடகை பல வேளைகளில் ஆகக் கூடிய செலவாக முடிவதைக் காணலாம்.

முதலில் ஊரைத் தெரிந்து கொள்வோம். சாவோ பாவுலோ தென் அமெரிக்காவின் மிகப் பெரிய நகரம். 2022 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நகர எல்லைக்குள் மட்டும் ஒரு கோடியே 14 இலட்சம் பேர். நமது நாட்டு மக்கள் தொகையில் பாதி ஒரே நகரத்தில் இருக்கிறது என்று நினைத்துக் கொள்ளுங்கள். கடற்கரை ஊர் அல்ல. கடல் மட்டத்திலிருந்து 760 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் இரவில் நல்ல குளிர். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வெப்பமும் பின்னேர மழையும்.

இது உல்லாசப் பயண நகரம் அல்ல, வியாபார நகரம். அதனால் ஹோட்டல் விலை நாம் எண்ணுவதற்கு மாறாக நடக்கும். வார நாட்களில் வியாபாரிகளும் கம்பனிக்காரர்களும் வந்து நிரப்புவார்கள், விலை ஏறும். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் பல ஹோட்டல்கள் விலையைக் குறைக்கும். ஆகவே ஏழு இரவுக்குள் ஒரு வார இறுதி முழுமையாக அடங்கும்படி திகதியை வைத்துக் கொள்ளுங்கள். நவம்பரில் கார்ப் பந்தயம் நடக்கும் வாரத்திலும், பெரிய வர்த்தகக் கண்காட்சிகள் நடக்கும் நாட்களிலும் அறை கிடைப்பதே கஷ்டம். திகதி முடிவு செய்யுமுன் அந்த வாரத்தில் என்ன நடக்கிறது என்று மகனை விட்டு ஒரு தடவை இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி மச்சான் சொன்ன ரயில் நிலையத்துக்கு வருவோம். எந்த நிலையம் என்று கடிதத்தில் இல்லை. ஆனால் அந்த நகரில் மலிவு ஹோட்டல்கள் குவிந்து கிடப்பது லூஸ் என்ற பழைய ரயில் நிலையத்தைச் சுற்றியும் அதற்கு அடுத்த நகர மையத் தெருக்களிலும்தான். லூஸ் நிலையம் அழகான கட்டிடம், பகலில் போய்ப் பார்க்கலாம். அதைச் சுற்றிய தெருக்களில் 1990களிலிருந்து போதைப்பொருளுக்கு அடிமையானவர்கள் கூட்டம் கூட்டமாக இருந்து வந்திருக்கிறார்கள். பொலிசார் விரட்ட விரட்ட இடம் மாறுவார்களே தவிர பிரச்சினை தீர்ந்தபாடில்லை. பிள்ளைகள் இருவரைக் கையில் பிடித்துக் கொண்டு மஃரிபுக்குப் பின் நடந்து வரக் கூடிய தெருக்கள் அல்ல அவை. அங்குள்ள சில ஹோட்டல்கள் நாள் வாடகைக்கு மட்டுமன்றி மணித்தியால வாடகைக்கும் அறை கொடுப்பவை. அது எதற்காக என்று நான் விளக்கத் தேவையில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு விடயம். நமது நாட்டிலும் மற்ற நாடுகளிலும் 'மோட்டல்' என்றால் நெடுஞ்சாலை ஓரத்தில் காரில் போவோர் தங்கும் சாதாரண விடுதி. பிரேசிலில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. அங்கே மோட்டல் என்பது ஆணும் பெண்ணும் சில மணித்தியாலங்களுக்கு மறைவாக வந்து போகும் இடம். சுத்தமாகவும் விலை மலிவாகவும் இருக்கும், படத்தில் அழகாகவும் இருக்கும். குடும்பத்துக்குரிய இடம் அல்ல. பெயரில் 'மோட்டல்' என்றிருந்தால் விலையைப் பார்க்காமலே தள்ளிவிடுங்கள். 'ஹோட்டல்', 'பூசாடா' என்ற பெயர்கள் பொதுவாகச் சரி. ஆனால் ஹோட்டல் என்ற பெயரிலும் மணித்தியாலக் கணக்கு ஓடலாம் என்பதால், விலைப்பட்டியலில் மணி நேரம் எதுவும் குறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ஃபிளாட்' என்று அந்த நகரில் சொல்வது சிறு சமையலறையோடு கூடிய ஹோட்டல் அறை. நமக்கு மிகவும் பொருத்தமானது அதுதான் என்பது என் அபிப்பிராயம். ஏன் என்பதைச் சாப்பாட்டுக் கணக்கில் சொல்கிறேன்.

எந்தப் பகுதியில் எடுப்பது? முஸ்லிம்கள் என்றதும் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் என்று மனம் சொல்லும். சாவோ பாவுலோவில் சிரியா, லெபனான் நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அவர்களுடைய நலன்புரிச் சங்கம் 1929 இல் தொடங்கப்பட்டது. அச்சங்கத்தின் பள்ளிவாசல் கம்புசி என்ற இடத்தில் உள்ளது, பிரேசிலிலேயே மிகப் பழைய பள்ளிவாசல். பாரி என்ற பகுதியிலும் பள்ளிவாசல் உண்டு. பக்கத்திலுள்ள ப்ராஸ் பகுதிப் பள்ளிவாசல் ஷீஆக்களுடையது. பாரி, ப்ராஸ் பக்கத்தில் ஹலால் இறைச்சிக் கடையும் லெபனான் சாப்பாட்டுக் கடையும் கிடைக்கும். ஆனால் அது கொழும்பு புறக்கோட்டை போன்ற மொத்த வியாபாரப் பகுதி. உடுப்புக் கடைகள் விடியுமுன்னே திறந்து பின்னேரம் அடைத்துவிடும். அதன் பிறகு தெருக்கள் வெறிச்சோடிப் போகும். பகலில் போய் ஜும்ஆவும் தொழுது, இறைச்சியும் வாங்கி, பிள்ளைகளுக்கு உடுப்பும் எடுத்து வர மிக நல்ல இடம். இரவில், அதுவும் கணவர் இல்லாத இரண்டு இரவுகள், அங்கே தங்குவதை நான் விரும்பமாட்டேன்.

என் யோசனை பராயிசோ அல்லது விலா மரியானா. இவை நடுத்தரக் குடும்பங்கள் வாழும் பகுதிகள். மருந்துக் கடை, பாண் கடை, சுப்பர் மார்க்கட், ஆஸ்பத்திரி எல்லாம் கால் நடையில் இருக்கும், இரவிலும் ஆள் நடமாட்டம் உண்டு. பராயிசோ மெட்ரோ நிலையத்தில் நீலப் பாதையும் பச்சைப் பாதையும் சந்திக்கின்றன. அங்கிருந்து நீலப் பாதையில் நான்காவது நிலையம் சே. அங்கே இறங்கி சிவப்புப் பாதைக்கு மாறினால் இரண்டாவது நிலையம் ப்ராஸ். அதாவது பள்ளிவாசல் பக்கம் போக ஒரே டிக்கட் போதும். பாதை மாறுவதற்கு மீண்டும் காசு இல்லை. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டிக்கட் 5 ரியால் 20 சதமாக்கப்பட்டது. ஆண்டுத் தொடக்கத்தில் கட்டணத்தை மாற்றுவது அவர்கள் வழக்கம், ஆகவே சற்றுக் கூட்டியே கணக்கில் போடுங்கள். (ரியால் என்றதும் சவூதி ரியாலை நினைத்துவிட வேண்டாம். பிரேசில் நாணயத்தின் பெயரும் எழுத்தில் அதே மாதிரி இருக்கும். அவர்கள் உச்சரிப்பது 'ஹெயாவ்' என்று. மதிப்பும் வேறு.)

பராயிசோ என்றால் சுவர்க்கம். நமது ஃபிர்தவ்ஸ் என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தின் அடையாளமாக அவர்களுடைய போர்த்துக்கேய மொழியில் அரபுச் சொற்கள் நிறைய உண்டு. அரிசி அவர்களுக்கு 'அஹோஸ்', சீனி 'அசூக்கர்'. ஒரு காரியம் நடக்க வேண்டும் என்று ஆசைப்படும்போது 'ஒஷலா' என்பார்கள். அதற்குள் இருப்பது அல்லாஹ்வின் நாட்டத்தைச் சொல்லும் நமது சொல்தான்.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் நாளுக்கு நாள் மாறுபவை என்பதால் நான் எழுதும் தொகைகள் உதாரணத்துக்கு மட்டும்தான். நீங்கள் உண்மை விலையை வைத்து இதே மாதிரிப் போட வேண்டும். நிலையத்தருகே ஹோட்டல் ஓர் இரவு 35 டொலர், காலைச் சாப்பாடு இல்லை. பராயிசோவில் 50 டொலர், காலைச் சாப்பாடு உண்டு. ஏழு இரவுக்கு முதலாவது 245, இரண்டாவது 350. மச்சான் பார்த்தது இந்த 105 டொலர் வித்தியாசத்தை. இனி நாலு பேருக்கு வெளியே காலைச் சாப்பாடு ஒரு நாளைக்கு 12 டொலர் என்றால் ஏழு நாளைக்கு 84. இருட்டிய பின் நடக்க முடியாது என்பதால் தினமும் வாடகைக் காருக்கு 10 டொலர் என்றால் 70. ஆக 399 டொலர். மலிவு அறை 49 டொலர் கூடிய அறையாகிவிட்டது. மனப் பயத்துக்கு இதில் விலை போடவில்லை.

பிரேசில் ஹோட்டல்களில் காலைச் சாப்பாட்டை வாடகையில் சேர்ப்பது பரவலான வழக்கம். 'கஃபே ட மன்யா' என்பார்கள். பாண், பட்டர், சீஸ், முட்டை, கேக், கோப்பி, பால், பப்பாசி, அன்னாசி, வாழைப்பழம் என்று வயிறு நிறையக் கிடைக்கும். ஆனால் அதே மேசையில் மெல்லிய இளஞ்சிவப்புத் துண்டுகளாக அடுக்கியிருப்பது பன்றித் தொடை. அதன் பெயர் 'ப்ரெசுந்து'. சீஸ் தட்டுக்கு ஒட்டியே, சில வேளை அதே கரண்டியோடு வைத்திருப்பார்கள். முட்டைப் பொரியலிலும் சொசேஜஸ் துண்டு கலந்திருக்கலாம். பிள்ளைகளைத் தனியே தட்டெடுக்க விடாமல் முதல் நாளே காட்டிக் கொடுங்கள். அவித்த முட்டை, பழம், பாண் என்றால் பேதமில்லை. 'பாவ் ஜி கேஜு' என்றொரு சிறு உருண்டைப் பாண் இருக்கும். மரவள்ளி மாவும் சீஸும் முட்டையும் சேர்த்துச் சுடுவது. பிள்ளைகள் விரும்புவார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு அந்த ஊரில் 'கிலோக் கணக்கு' சாப்பாட்டுக் கடைகள் உண்டு. வேண்டியதைத் தட்டில் போட்டுக் கொண்டு போனால் தராசில் நிறுத்துக் காசு எடுப்பார்கள். சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சமாகப் போடலாம் என்பதால் நமக்கு வாய்ப்பான முறை. சோறும் அவரையும்தான் அவர்களுடைய அன்றாட உணவு, நமக்குச் சோறும் பருப்பும் போல. இங்கேதான் கவனம் வேண்டும். 'ஃபெய்ஜாவ்' என்ற அந்த அவரைக் கறியைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்புத் துண்டு போட்டுத் தாளிப்பார்கள். கறுப்பு அவரையில் செய்யும் 'ஃபெய்ஜுவாடா' என்பது பன்றி இறைச்சிக் கறியேதான். புதன், சனிக்கிழமைகளில் கடை கடையாக வைப்பார்கள். மரக்கறி என்று நம்பி அவரையை அள்ளிவிடாதீர்கள். 'போர்கு' பன்றி, 'தோசீன்யு' அதன் கொழுப்பு, 'பான்யா' அதை உருக்கிய நெய், 'லிங்குவீசா'வும் 'கலப்ரேசா'வும் சொசேஜஸ் வகை. இந்தச் சொற்களை ஒரு கடதாசியில் எழுதிக் கைப்பையில் வைத்துக் கொள்ளுங்கள். சந்தைகளில் பொரித்து விற்கும் 'பஸ்தெல்' என்ற பெரிய பட்டீஸ் பார்க்க ஆசையாக இருக்கும். மொறுமொறுப்புக்காக மாவிலேயே கரும்புச் சாராயம் சேர்த்துப் பிசையும் வழக்கம் உண்டு. அரபுப் பெயர் போட்ட கடை எல்லாம் ஹலால் கடை என்றும் எண்ண வேண்டாம். அங்கே குடியேறிய அரபிகளில் பெருந்தொகையினர் கிறிஸ்தவர்கள்.

கோழி பற்றி ஒரு வார்த்தை. சவூதி, குவைத் வீடுகளில் வேலை செய்து வந்த சகோதரிகளுக்கு 'சாதியா' கோழிப் பக்கெட்டைத் தெரிந்திருக்கும். அது பிரேசில் கோழி. உலகிலேயே ஹலால் கோழியை ஆகக் கூடுதலாக ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசில்தான். அதனால் அங்கே எல்லாக் கோழியும் ஹலால்தானே என்று சொல்பவர்களும் உண்டு. ஹலால் முத்திரை ஏற்றுமதிப் பக்கெட்டுக்கு. உள்ளூர் சுப்பர் மார்க்கட்டில் அதே பெயரில் பன்றித் தொடையும் விற்கிறார்கள். முத்திரையைப் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள்.

இதனால்தான் சமையலறை உள்ள அறை வேண்டும் என்றேன். பாரியில் ஒரு தடவை ஹலால் இறைச்சி வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் இராச் சாப்பாடு முடிந்தது. அரிசி, வெங்காயம், தக்காளி, மீன், முட்டை, மரவள்ளி எல்லாம் தெருமுனையில் கிடைக்கும். மிளகாய்த்தூள், கறித்தூள் மட்டும் நன்றாக மூடிய பக்கெட்டில் கொண்டு போங்கள். இறைச்சி, கருவாடு, பழம், விதை எதுவும் வேண்டாம். விமான நிலையத்தில் விவசாயத் திணைக்கள அதிகாரிகள் எடுத்து வீசிவிடுவார்கள். சிறு குளிர்ப்பெட்டிக்குள் ஹோட்டல்காரர் பியர் போத்தல்களை அடுக்கி வைத்திருந்தால், போன உடனே எடுத்துவிடச் சொல்லலாம். சொல்வதில் தவறில்லை, அவர்களும் மறுப்பதில்லை.

ரைஸ் குக்கரைப் பெட்டியில் போட நினைப்பவர்களுக்கு: சாவோ பாவுலோ நகரில் மின்சாரம் 127 வோல்ட். நம்முடையது 230. நமது குக்கரை அங்கே செருகினால் மூன்றில் ஒரு பங்கு சூடுகூட வராது. அரிசி ஊறிக் கொண்டிருக்கும், வேகாது. சில அறைகளில் 220 என்று எழுதிய துளை தனியே இருக்கும். இல்லாவிட்டால் பானையில் வடிப்பதே மேல். போன் சார்ஜர்கள் பெரும்பாலும் இரண்டு மின்சாரத்திலும் வேலை செய்யும். செருகியின் அமைப்பு வேறு என்பதால் மாற்றுச் செருகி மட்டும் வாங்கிக் கொள்ளுங்கள்.

குளியலறை பற்றி நம்மவர் கேட்கக் கூச்சப்படுவார்கள். மேற்கு நாடுகளில் கழிவறையில் தண்ணீர் இல்லாமல் படும் பாடு தெரிந்ததே. பிரேசிலில் நமக்கு ஒரு நல்ல செய்தி: கழிவறைக்குப் பக்கத்தில் கைப்பைப் வைக்கும் வழக்கம் அங்கே பரவலாக உண்டு. 'டூஷா இஜியெனிக்கா' என்று பெயர். மலிவு ஹோட்டல் எல்லாவற்றிலும் இராது, ஆகவே பதிவு செய்யுமுன் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் கோப்பை கொண்டு போக வேண்டியதுதான். கடதாசியைக் கழிவறைக்குள் போடாமல் பக்கத்திலுள்ள கூடைக்குள் போடுவது அவர்கள் பழக்கம். குளிக்கும் சவரின் தலையிலேயே சுடுநீர் மின்சாரக் கம்பி இருக்கும். 'இன்வேர்னு' என்ற பக்கம் திருப்பினால் சூடு, 'வெராவ்' என்ற பக்கம் இளஞ்சூடு. தண்ணீரைத் திறக்குமுன் திருப்புங்கள். ஈரக் கையோடு அதைத் தொடவே கூடாது. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

தொழுகைக்கு: இலங்கையில் மேற்கு நோக்கித் தொழும் நாம் அங்கே கிழக்கு நோக்கித் திரும்ப வேண்டும். சரியாகச் சொன்னால் கிழக்கிலிருந்து சற்று வடக்குப் பக்கம் சாய்ந்து. சூரியன் உதிக்கும் பக்கத்தை முதல் நாள் ஜன்னலால் பார்த்து வைத்துக் கொண்டால் கிப்லா பிடிப்பது இலகு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நாலு நாள் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்தால் கஸ்ர் சலுகை கிடையாது. ஏழு இரவு தங்கும் உங்களுக்கு இது பொருந்தும். இரண்டு இரவு வேறு மாநிலம் போய்வரும் உங்கள் கணவருக்குக் கணக்கு வேறாகலாம். புறப்படுமுன் ஊர் மௌலவியிடம் கேட்டுக் கொள்வது நல்லது.

இனிச் சொல்லப் போவதைக் கட்டாயம் குறித்துக் கொள்ளுங்கள். பிரேசிலில் 1990 ஆம் ஆண்டு வந்த சிறுவர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பெற்றோரோ பொறுப்பாளரோ கூட இல்லாத, எழுத்து மூல அனுமதியும் இல்லாத 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த ஹோட்டலும் தங்க வைக்க முடியாது. பெற்றோர்தான் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். நமது வழக்கத்தில் உம்மாவின் கடவுச்சீட்டில் அவருடைய வாப்பாவின் பெயர், பிள்ளையின் கடவுச்சீட்டில் பிள்ளையின் வாப்பாவின் பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஹோட்டல்காரருக்கு இந்தப் பெண்ணும் இந்தப் பிள்ளைகளும் என்ன உறவு என்று விளங்காது. அதிலும் கணவர் பக்கத்தில் இல்லாத இரண்டு நாளில் அறை மாற்றவோ வேறு ஹோட்டலுக்குப் போகவோ நேர்ந்தால் சங்கடம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையோடு கொண்டு போங்கள். திருமணப் பதிவின் ஆங்கிலப் பிரதியும் இருக்கட்டும்.

அறை பதியும்போது 'கஸாவ்' என்றால் தம்பதியருக்கான ஒற்றைப் பெரிய கட்டில், 'சொல்தேய்ரு' என்றால் ஒருவருக்கான சிறு கட்டில். நாலு பேர் என்பதைப் பிள்ளைகளின் வயதோடு எழுதுங்கள். எழுதாமல் போய் நின்றால் கூடுதல் கட்டிலுக்கு அங்கே கேட்கும் விலை வேறாக இருக்கும். விலையைக் கேட்கும்போது எல்லாம் அடங்கிய தொகையா என்றும் கேளுங்கள். 5 சதவீத வரி, 10 சதவீத சேவைக் கட்டணம் என்று கடைசி பில்லில் ஏற்றும் ஹோட்டல்களும் உண்டு.

முழுக் காசையும் முன்கூட்டிக் கட்டவே வேண்டாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு பிரேசில் விஸா தேவை. விண்ணப்பத்தைக் கொழும்பிலுள்ள அவர்களது தூதரகத்தில் கொடுக்க வேண்டும். விஸா கையில் கிடைக்கும் வரை, காசில்லாமல் இரத்துச் செய்யக் கூடிய பதிவையே எடுங்கள். இரத்துச் செய்ய முடியாத பதிவு பத்துப் பதினைந்து டொலர் குறைவாக இருக்கும். விஸா தாமதித்தால் சீட்டுக் காசு முழுதும் போனதுதான். இந்த இடத்தில் சிக்கனம் பார்ப்பதை நான் சிக்கனம் என்று சொல்லமாட்டேன்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் உண்டு. பிரேசிலிலிருந்து திரும்பி வரும்போது அதற்குரிய சான்றிதழை நமது நாட்டிலேயே கேட்பார்கள். ஊசியைப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போடலாம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும், 60 வயது தாண்டியவர்களும், முட்டை ஒவ்வாதவர்களும் முதலில் டொக்டரிடம் சொல்ல வேண்டும். ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்குப் போடுவதில்லை.

போய் இறங்கும் குவாருல்யோஸ் விமான நிலையம் நகரத்திலிருந்து 25 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. 2018 இலிருந்து ரயிலும் உண்டு, மிக மலிவு. ஆனால் ரயில் நிலையம் விமானம் இறங்கும் கட்டிடத்துக்குள் இல்லை, இணைப்பு வாகனத்தில் போக வேண்டும், பிறகும் பாதை மாற வேண்டும். தோஹா அல்லது துபாயிலிருந்து 14, 15 மணித்தியாலம் பறந்து வந்த பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் பின்னேர நெரிசலில் அதில் ஏறுவது வேண்டாத வேலை. போகும் அன்று மட்டும் விமான நிலையத்துக்குள்ளேயே காசு கட்டி எடுக்கும் டெக்ஸியில் ஹோட்டல் வாசலில் போய் இறங்குங்கள். அடுத்த நாளிலிருந்து மெட்ரோ.

தெருவில் கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துக் கொண்டு நடக்கக் கூடாது. சைக்கிளில், மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பார்கள். வழி பார்க்க வேண்டுமானால் கடைக்குள் நுழைந்து பாருங்கள். கழுத்து நகையையும் வளையலையும் ஊரில் உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பொலிசுக்கு 190, அம்புலன்சுக்கு 192. அவசர நோய்க்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவருக்கும் காசு எடுப்பதில்லை.

கணவர் இல்லாத இரண்டு நாளும் பிள்ளைகளை அறைக்குள் அடைத்து வைக்க வேண்டியதில்லை. பகலில் இபிராபுவேரா பூங்காவுக்குப் போகலாம், நுழைவுக் காசு இல்லை. ஞாயிறாக இருந்தால் பவுலிஸ்டா பெருந்தெருவை வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள், பிள்ளைகள் ஓடி விளையாடலாம். ப்ராஸ் பக்கம் போகும் நாளில் குடிவரவு நூதனசாலையையும் பாருங்கள். 1887 இல் அது வந்தேறிகளுக்கான தங்குமடமாகத் தொடங்கியது. கப்பலில் வந்து இறங்கிய இத்தாலியரும் ஜப்பானியரும் இன்னும் பல நாட்டவரும், வேலை கிடைத்துத் தோட்டங்களுக்குப் போகும் வரை அங்கே இலவசமாகத் தங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். 1978 வரை 25 இலட்சம் பேரளவில் அந்த மண்டபங்களில் படுத்து எழும்பியிருக்கிறார்கள்.

ஊருக்குப் போன் எடுக்கும்போது நேரத்தைப் பாருங்கள். அங்கே பகல் 12 மணி என்றால் இங்கே இரவு எட்டரை. அவர்கள் இஷாவுக்குப் பின் பேச வசதியாக எடுத்தால் நமது வீட்டில் விடியற்காலை.

கடைசியாக ஒரு திகதிக் கணக்கு. திரும்பும் விமானம் நள்ளிரவு தாண்டிப் புறப்படுவதாக இருந்தால் டிக்கட்டில் அடுத்த நாள் திகதி இருக்கும். 12 ஆம் திகதி அதிகாலை ஒரு மணி விமானத்துக்கு நீங்கள் ஹோட்டலை விட்டு வெளிக்கிடுவது 11 ஆம் திகதி இரவு. அந்த இரவுக்கும் அறை எடுத்துக் காசு கட்டுவோர் உண்டு. 11 ஆம் திகதி பகல் 12 மணிக்கு அறையை ஒப்படைத்துவிட்டு, பெட்டிகளை ஹோட்டலிலேயே வைத்துவிட்டுப் போகலாம், அதற்குப் பெரும்பாலும் காசு எடுப்பதில்லை. பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் பின்னேரம் ஆறு மணி வரை அரை வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். அசர் தொழுது, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஒரு சோறு ஆக்கிக் கொடுத்துவிட்டுப் புறப்படலாம்.

பெருநாளைக்குக் கடனில் தளபாடம் எடுக்கலாமா என்று கேட்ட காத்தான்குடிச் சகோதரிக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.